கப்பலில் வேலை, தீவில் ஒரு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 24. ஓட்டல் மேலாண்மை படித்துவிட்டு மதுரையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பரிமாறும் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சிட்னியிலிருந்து நியூ கலிடோனியா, வனுவாட்டு, பிஜி தீவுகளுக்குப் போய்த் திரும்பும் ஒரு பயணிகள் கப்பலில் அசிஸ்டன்ட் வெய்ட்டர் வேலை கிடைக்கும் நிலையில் இருக்கிறது. ஒப்பந்தம் எட்டு மாதம். யாரும் எளிதில் போக முடியாத தீவுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. சம்பளத்தைவிட அதற்காகவே போக நினைக்கிறேன். ஏஜென்ட், "காசும் வரும், ஊரும் சுற்றலாம்" என்கிறார். கப்பலுக்குப் போய்வந்த என் சீனியரோ, "எட்டு மாதமும் கிச்சன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஏஜென்ட் சொல்வதில் கால் பங்கும், உங்கள் சீனியர் சொல்வதில் முக்கால் பங்கும் உண்மை. இருவருமே சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். பயணிகள் கப்பல்களின் உணவகப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகக் கப்பலேறுகிறவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். நீங்கள் குறிப்பிடும் தென் பசிபிக் வழித்தடத்திலும் சில ஒப்பந்தங்கள் முடித்தவன் என்பதால், பொதுவாகப் பேசாமல் அந்தத் தீவுகளை வைத்தே பதில் எழுதுகிறேன்.

ஒரு தீவு எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறதோ அவ்வளவுக்குப் பயணிக்கு அதன்மேல் ஆசை கூடும். கப்பல் பணியாளருக்கோ, அது எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அங்கே இறங்கும் வாய்ப்பு குறையும். நியூ கலிடோனியாவின் நூமேயா, வனுவாட்டின் போர்ட் விலா, லுகன்வில், பிஜியின் சுவா, லௌதோகா போன்ற ஊர்களில் கப்பலைத் துறைமேடையோடு அணைத்துக் கட்டுவார்கள். வேலை முடிந்த பணியாளர் வாசலில் தம் அட்டையைக் காட்டிவிட்டு அடுத்த நிமிடமே தரையில் நிற்கலாம். லிஃபூ, பைன் தீவு, மிஸ்டரி ஐலண்ட் ஆகிய இடங்களில் பெரிய கப்பல் அணையும் மேடை கிடையாது. கப்பல் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நிற்க, அதன் படகுகளில் சிலவற்றை நீரில் இறக்கி, ஆட்களைத் தவணை தவணையாகக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பல்காரர்கள் இதை டெண்டர் என்பார்கள். இரண்டாயிரம் பயணிகள் இருக்கும் கப்பலில் காலை நேரம் முழுவதும் படகுகள் பயணிகளுக்கே சரியாக இருக்கும். அந்த வரிசை கரைந்த பிறகுதான் பணியாளர்களுக்கு அனுமதி. அலை எழும்பினால் கேப்டன் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பகுதியில் புயல் காலம் என்பதால், உங்கள் எட்டு மாதம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதும் முக்கியம்.

மிஸ்டரி ஐலண்டையே எடுத்துக்கொள்வோம். வனுவாட்டின் தென்கோடியில் அனெய்டியம் என்ற தீவு இருக்கிறது; அதற்கு எதிரே, பவளத்திட்டு சூழ்ந்த ஒரு சிறு மணல்தீவுக்குத்தான் இந்தப் பெயர். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. இரவில் அங்கே ஆவிகள் உலவும் என்பது அனெய்டியம் மக்களின் நம்பிக்கை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று புல் மூடிக் கிடக்கிறது. அனெய்டியத்துக்கு வரும் சிறு விமானங்கள் இன்றும் அங்கேதான் இறங்குகின்றன. கப்பல் வரும் நாளில் எதிர்க்கரையிலிருந்து மக்கள் படகில் வந்து கடை விரிப்பார்கள். இளநீர், சிங்கி இறால், ஓலைப்பின்னல், தலைப்பின்னல் எல்லாம் உண்டு. கப்பல் போனதும் கடையைக் கட்டிக்கொண்டு அவர்களும் போய்விடுவார்கள். தீவை ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே சுற்றிவிடலாம். உங்கள் ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த வழித்தடத்தில் இல்லை.

இப்போது அந்த நாளை ஒரு அசிஸ்டன்ட் வெய்ட்டரின் கடிகாரத்தில் பாருங்கள். எட்டு மணிக்குக் கப்பல் நிற்கிறது என்றால், நீங்கள் ஆறு மணிக்கே காலை உணவுக்கு நின்றிருப்பீர்கள். மேசைகளைத் துடைத்து அடுத்த வேளைக்கு விரித்து முடிக்கப் பத்தரை ஆகும். பயணிகள் பெருமளவில் இறங்கிவிட்ட நேரம் என்பதாலேயே பாதுகாப்புப் பயிற்சியை அப்போது வைப்பார்கள். பயணிகள் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரம் ஒருமுறை நடக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அடுத்து மதிய உணவு. கரையில் ஓட்டல்கள் இருக்கும் துறைமுகத்தில் மதியக் கூட்டம் மெலிந்துவிடும்; மிஸ்டரி ஐலண்டில் பலரும் சாப்பிடக் கப்பலுக்கே திரும்புவார்கள் என்பதால் உங்களுக்கு அன்று வேலை கூடும். ஒன்றரைக்கோ இரண்டுக்கோ விடுபட்டால், கரையிலிருந்து பணியாளர்கள் திரும்பும் கடைசிப் படகு மூன்றரைக்கு இருக்கலாம். ஐந்தரைக்கு இரவு உணவு. அதற்குமுன் குளித்து, சீருடை மாற்றி, அணிவகுப்பில் நிற்க வேண்டும். படகில் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால் மணலில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், நல்ல நாளில் ஒன்றரை.

இதிலும் ஒரு கழித்தல் உண்டு. துறைமுகத்தில் நிற்கும்போதும் தீ விபத்து போன்ற அவசரத்தைச் சமாளிக்கப் போதுமான ஆட்கள் கப்பலில் இருந்தாக வேண்டும். அதற்காகப் பணியாளர்களைப் பிரிவுகளாக்கி, இன்ன துறைமுகத்தில் இன்ன பிரிவு இறங்கக் கூடாது என்று முறை வைப்பார்கள். ஐபிஎம் (இன்-போர்ட் மேனிங்) என்று எல்லாரும் சபிக்கும் அட்டவணை இதுதான். உங்கள் முறை மிஸ்டரி ஐலண்டில் விழுந்தால் அன்று படகு பக்கமே போக முடியாது. ஆனால், மேலதிகாரியின் ஒப்புதலோடு முறையை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான கப்பல்களில் இடமுண்டு. இங்கேதான் உங்களுக்கு ஒரு வழி திறக்கிறது. பணியாளர்களில் பெரும்பாலோர் விரும்புவது நூமேயாவையும் போர்ட் விலாவையும்தான். அங்கே கடைகள் உண்டு, ஊருக்குப் பணம் அனுப்பலாம், சாவகாசமாக வீட்டுக்குப் பேசலாம். ஆளில்லாத மணல்திட்டில் முறை மாற்றித் தருவதற்கு எப்போதும் யாராவது இருப்பார்கள். முதல் வாரத்திலேயே உங்கள் நூமேயா நாட்களை விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்லி வையுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். கடற்பணியாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அவற்றில் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பிற்பகல் இடைவேளை என்பது இந்தக் கணக்கின் இரண்டாவது துண்டு. அதில்தான் நீங்கள் தீவுக்குப் போகிறீர்கள். அதாவது தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் தீவுக்குச் செலவிடுகிறீர்கள். எல்லாத் துறைமுகத்திலும் இறங்கியே தீருவது என்று கிளம்பியவர்கள் மூன்றாம் மாதத்தில் கையில் தட்டோடு கண் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பயணத்துக்கு ஒரு தீவு, அதிகம் போனால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிற்பகல்களில் படுத்துத் தூங்குங்கள்.

இருவரும் சொல்லாமல் விட்டது இதுதான்: நீங்கள் திரும்பத் திரும்பப் போவீர்கள். பயணி வாழ்நாளில் ஒருமுறை, ஒரு முழுப் பகல் மிஸ்டரி ஐலண்டைப் பார்ப்பார். நீங்கள் எட்டு மாதத்தில் ஒரு மணி நேரம் வீதம் ஆறு முறை, ஏழு முறை பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு அனுபவங்கள். எனக்கு வாய்த்தது இரண்டாவது என்பதில் எனக்கு வருத்தமில்லை. முதல் முறை ஓடுபாதையின் குறுக்கே நடந்து மறுகரைக்குப் போய்த் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நான்காம் முறை, இளநீர் விற்கும் அம்மாள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, போன முறை என்னோடு வந்த கோவாக்காரர் எங்கே என்று பிஸ்லாமா மொழியில் கேட்டார். பிஸ்லாமா வனுவாட்டின் பொதுமொழி. ஆங்கிலச் சொற்களை உருமாற்றிக் கொண்ட மொழி என்பதால் இரண்டு வாரத்தில் காது பழகிவிடும். "தங்கியு துமாஸ்" என்றால் மிக்க நன்றி. அதன் பிறகு நான் தீவைச் சுற்றவே இல்லை. அவர் கடையின் நிழலில் உட்கார்ந்து, அனெய்டியத்தில் யாருக்குக் கல்யாணம், தோட்டத்தில் சேனை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பெருந்தொற்றின்போது வனுவாட்டு 2020 மார்ச்சில் எல்லையை மூடி, 2022 ஜூலையில்தான் திறந்தது. கப்பலே வராத அந்த இரண்டேகால் ஆண்டுகளில் அந்தக் கடை என்னவாகியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வேலையை மாற்றிக்கொண்டால் நேரம் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கூடும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் மூடியிருக்கும் என்பதால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பகல் பெரும்பாலும் ஓய்வு. இசைக்கலைஞர்களுக்கும் அப்படியே. சமையலறை, உணவகம், அறைப் பராமரிப்பு மூன்றும் கடைசி வரிசை. உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உணவகம்தான் வாசல் என்பதால், முதல் ஒப்பந்தத்தை அதிலேயே முடித்துவிட்டு, இரண்டாவதில் கரைச் சுற்றுலாப் பிரிவுக்கு மாற முயல்வது நடைமுறைக்கு ஒத்தது. அவர்களுக்குத் தீவில் நிற்பதே வேலை. பகாமாஸ் பக்கம் கப்பல் நிறுவனங்களே சொந்தமாக வைத்திருக்கும் தீவுகள் உண்டு. அங்கே சமையலாட்களையும் பரிமாறுகிறவர்களையும் கரைக்கு அழைத்துப் போவார்கள், ஆனால் அது வெயிலில் அடுப்பு முன்னால் நிற்பதற்காக. அதைத் தீவு பார்த்ததாக நான் எண்ணுவதில்லை.

ஒதுக்குப்புறத்தின் எல்லை என்றால் பிட்கேர்ன். பவுண்டி கப்பலில் கலகம் செய்த ஒன்பது பேர் தாஹிட்டி மக்களோடு 1790இல் குடியேறிய அந்தத் தீவில் இப்போது ஐம்பதுக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். பெரிய கப்பல் நிற்கத் துறைமுகம் இல்லை, விமானநிலையமும் இல்லை. அந்தப் பக்கம் போகும் பெரிய கப்பல்களில் பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. தீவு மக்களே நீண்ட படகில் வந்து கப்பலில் ஏறி, தேன், மரச்சிற்பம், தபால்தலை விற்றுவிட்டுப் போவார்கள். பயணியும் பணியாளரும் அங்கே சமம். உங்கள் வழித்தடத்தில் அது இல்லை. இருந்தாலும், "தொலைவான தீவு" என்று விளம்பரத்தில் பார்த்ததும் இறங்க முடியும் என்று எண்ணிவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இறங்கும் நாட்களில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு வருகிறேன். வனுவாட்டில் நிலம் முழுவதும் அந்தந்த மண்ணின் மரபுவழி உரிமையாளர்களுக்கே சொந்தம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைக்கும் உரிமையாளர் உண்டு. மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து சிறு கட்டணம் கேட்டால் அது ஏமாற்று அல்ல. கிராமத்துக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். பிஜி கிராமங்களில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய டாலரைச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். வனுவாட்டில் 2018 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை என்பதால் துணிப்பை எடுத்துப் போங்கள். சங்கு, சிப்பி, பவளம் எதையும் பொறுக்காதீர்கள். அழகான கூம்புச் சங்குக்குள் உயிர் இருந்தால் அதன் கொடுக்கு ஆளைக் கொல்லும். ராட்சதச் சிப்பியும் பவளமும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளவை. மரம், விதை, இறகு எதுவானாலும் சிட்னியில் அறிவித்துக் காட்டியாக வேண்டும். பவளத்தில் கால் கிழிந்தால் சிறு கீறல் என்று விடாமல் அன்றே கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் பிடித்தால் ஒரு வாரம் ஷூ போட முடியாது, வெய்ட்டருக்கு அது சம்பளப் பிரச்சினை.

காய்ச்சலோடு தீவில் இறங்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தீவுகளின் வரலாற்றில் கப்பல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நோய்தான். 1861இல் கப்பல் வழியாக வந்த தட்டம்மையில் அனெய்டியம் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். 1875இல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் கொண்டுவந்த அதே நோய் பிஜியில் ஏறத்தாழ 40,000 பேரைக் கொன்றது. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சமோவாவில் 2019இல் பரவிய தட்டம்மையில் 83 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். கப்பலேறும் முன் உங்கள் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தும்மலோ உடம்பில் தடிப்போ இருந்தால் அந்தத் தீவு அடுத்த முறைக்கு இருக்கட்டும். மறுபக்கம், அவர்களிடமிருந்து உங்களுக்கு வரக்கூடியது மலேரியா. அனெய்டியத்தில் 1991இல் ஊர் முழுவதும் ஒன்பது வாரம் மாத்திரை விழுங்கி, கொசுவலை கட்டி அதை ஒழித்துக் காட்டினார்கள். லுகன்வில் இருக்கும் வனுவாட்டின் வடபகுதிக்குப் போகும்போது கொசுவிரட்டித் தைலம் கட்டாயம் வேண்டும்; மாத்திரை தேவையா என்று கப்பல் மருத்துவரைக் கேளுங்கள்.

பிஜியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் இன்று பிஜி இந்தியில்தான் பேசுகிறார்கள். ஆனால் 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகள் நடக்கின்றன, நாடி நகரில் கோபுரத்தோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கிறது. லௌதோகாவில் கப்பல் அணையும் நாளில் காலையும் மதியமும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்தால் மட்டும் அந்தக் கோயிலுக்குப் பேருந்து ஏறுங்கள். வெறும் பிற்பகல் இடைவேளையில் போக வேண்டாம். என்னோடு இருந்த ஒருவர் அப்படிப் போய், பணியாளர்களுக்கான நேரம் கடந்து அரை மணி கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எச்சரிக்கைக் கடிதமும் ஒரு மாதம் கரையிறங்கத் தடையும் கிடைத்தன. பணியாளர்கள் திரும்ப வேண்டிய நேரம் பயணிகளின் நேரத்துக்கு முந்தியது என்பதை அவர் மறந்துவிட்டார். சுவாவில் இந்தச் சிக்கல் இல்லை. துறைமேடையை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய சந்தையும் பேருந்து நிலையமும் இருக்கின்றன. கறிவேப்பிலைகூடக் கிடைக்கும்.

ஏஜென்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; ஆர்பிஎஸ்எல் எண் என்று கேட்டு, இயக்குநரகத்தின் இணையதளப் பட்டியலில் சரிபாருங்கள். வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் கட்டணம் வாங்க 2016ஆம் ஆண்டு விதிகளில் இடமில்லை. பாஸ்போர்ட், கடற்பணியாளர் சான்றேடு, மருத்துவச் சான்று போன்றவற்றின் செலவு உங்களுடையது. அதற்குமேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் முடிவு: போங்கள், ஆனால் சம்பளத்துக்காகப் போங்கள், தீவுகளை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தீவுக்காக மட்டும் போனால், காற்றால் படகு நின்றுபோகும் முதல் நாளிலேயே மனம் விட்டுப்போகும். கையெழுத்திடும் முன், ஒப்பந்தக் காலத்துக்கான வழித்தட அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள் துறைமேடை, எத்தனை நாள் டெண்டர் என்று பிரித்துக் குறியுங்கள். இடையில் கப்பலை வேறு கடலுக்கு மாற்றும் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பல கப்பல்கள் பருவம் மாறும்போது வேறு கடலுக்குப் போய்விடும். அந்த அட்டவணை கைக்கு வந்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பினால், எந்தெந்த நாட்களுக்கு முறை மாற்றிக் கேட்கலாம் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.